மாஸ்டர் எப்போது இறங்க வேண்டும்

அபிஷா மக்கா, நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ படித்த விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்தே உன்னை உதவிப் பயிற்சியாளராக வரச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நாளைக் காலை உனக்கு ரயில். நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எப்பா, நான் போகட்டா?" என்று கேட்டாய். நான் கையைக் கழுவிவிட்டு வெளியே போய், ஏற்கெனவே துடைத்து நிறுத்தியிருந்த காரை மறுபடியும் துடைத்தேன். "நீங்க செரின்னு ஒரு வார்த்தை சொல்லாம போனா எனக்கு அங்க இருப்புக் கொள்ளாது" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாய். நான் துணியைப் பிழிந்து பின்கண்ணாடியைத் துடைக்கப் போனேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுதான். புரியாத காரியத்துக்குச் சரி என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நேரில் பேசினால் நமக்குள் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியை நம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் சங்கத்து மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். பிள்ளையை விமானி ஆக்க நினைக்கிற மற்ற தகப்பன்மாரும் படிக்கட்டும். அவர்களில் யாருக்காவது இந்த விவகாரம் புரிந்தால் எனக்கு வந்து விளக்கட்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவர் சாப்பிடப் போகிற நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து, யாரும் சொல்லித்தராமல் ஓட்டக் கற்றேன். பிறகு பூதப்பாண்டியில் இந்த டிரைவிங் ஸ்கூலைத் தொடங்கினேன். நம் பக்கத்தில் லைசென்ஸ் என்றால் பாதி விசா மாதிரி. கனரக வாகன லைசென்ஸ் கைக்கு வந்தவன் அடுத்த மழைக்குள் வளைகுடாவில் இருப்பான். அவனை வழியனுப்பச் சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் ஏறித் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போவார்கள். மாஸ்டர் என்ற மரியாதைக்கு என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளையாக நீயும் என் மடியில் வந்திருக்கிறாய். அங்கே ஒரு தடவை, "அந்தப் பிளேன ஓட்ட யாருப்பா சொல்லிக் குடுப்பாவ?" என்று கேட்டாய். "அதுக்கும் நம்மள மாதிரி ஒரு ஸ்கூல் இருக்கும் மக்களே" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஒருவனையும் நான் அதுவரை கண்டதில்லை. சாதாரண லாரி லைசென்ஸுக்கே விசா கிடைக்கிறது என்றால், விமான லைசென்ஸுக்கு வாசலில் வந்து கூட்டிப் போவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது என் தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நீ இங்கே வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நீ பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் எடுத்தாய். கண், காது, இதயம் எல்லாம் சோதித்துத் தேறினாய். காற்றும் மேகமும் ஒரு தேர்வு, வழி கண்டுபிடிப்பது ஒரு தேர்வு, சட்டம் ஒரு தேர்வு, ரேடியோவில் பேசுவதற்கு ஒரு லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாக முடித்தாய். உன் வானிலைப் புத்தகத்தை நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தது உனக்குத் தெரியும். பாதி புரிந்தது. அப்புறம் பறக்கும் பயிற்சிக்கு வடக்கே போனாய். இருநூறு மணி நேரம் பறக்க வேண்டும் என்றார்கள். இருநூறு மணி நேரம்தானே, ஒரு கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அங்கே போனால், பிள்ளைகள் ஏராளம், பறக்கிற நிலையில் உள்ள விமானங்கள் கொஞ்சம். ஒன்று பழுதுக்கு நிற்கும். ஒன்று உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும். எல்லாம் சரியாக இருக்கும் அன்றைக்கு மழை வரும், இல்லை பனிமூட்டம் வரும். "இன்னிக்கும் லிஸ்டுல பேரு வரல்லப்பா" என்று போனில் சொல்வாய். என் ஸ்கூலில் நாலு பேர் காத்து நின்றால் ஐந்தாவது ஆளைச் சேர்க்க மாட்டேன். சேர்த்தால் அவர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள். அங்கே ஏன் யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை என்பது எனக்குப் புரியாத முதல் விஷயம்.

ஒரு ஆடி மாதம் நீ விடுமுறையில் வந்திருந்தாய். ஸ்கூல் காரை நீ ஓட்ட, நான் வழக்கம்போல இரண்டாவது பிரேக் இருக்கிற இடது பக்கத்தில் இருந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. "ஸ்டியரிங்க காத்துக்கு எதிரா ஒரு பொடி புடிச்சுக்கோ" என்றேன். நீ சிரித்தாய். "இதத்தாம்ப்பா அங்கயும் சொல்லித் தாறாவ. மூக்க காத்துப் பக்கமா வச்சுக்கிட்டே எறங்கி வரணும், தரையத் தொடப்போகும்போதுதான் நேராக்கணும்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்போ இத நான் இங்கயே சொல்லித் தந்திருப்பேனே" என்றேன். அந்த நேரத்தில் எதிரே ஒரு பஸ் வர, என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. "எப்பா, நீங்க மிதிக்கது எனக்குத் தெரியுது. காலை எடுங்க" என்றாய். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். என் பக்கத்து பிரேக்கை நம்பித்தான் இந்த ஊரில் பாதிப் பேர் ரோட்டில் இறங்கினார்கள்.

அதனால்தான் நீ முதல்முதலாகத் தனியாகப் பறந்த செய்தி என்னை அப்படி உலுக்கிவிட்டது. போனில், "எப்பா, இன்னிக்கு சாரு பாதியில எறங்கிப் போயிட்டாரு" என்றாய்.

"எங்க எறங்கினான்? ஆகாசத்திலயா?"

"இல்லப்பா, தரையிலதான். செத்த நேரம் கூட இருந்து பாத்தாரு. பொறவு கதவத் தொறந்து எறங்கி, இனி நீ தனியா ஒரு சுத்து போயிட்டு வான்னு சொல்லிட்டு ஓரமா போய் நின்னுக்கிட்டாரு."

"நீ என்ன செஞ்ச?"

"போயிட்டு வந்தேன்."

"அவன் நம்பரக் குடு" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு நாள் மாஸ்டர் இப்படி இறங்குவார், அதுதான் அங்கே வழக்கம் என்றாய். திரும்பி வந்ததும் கூடப் படிக்கிறவர்கள் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்களாம். பிள்ளையைத் தனியாக அனுப்பியது போதாதென்று நனைக்கவும் செய்தார்களா என்று நான் கத்தினேன். இவ்வளவு வருஷத்தில், லைசென்ஸ் கைக்கு வராத ஒருவனை வண்டியில் விட்டுவிட்டு நான் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. இறங்குகிறவன் எப்படி மாஸ்டர் ஆவான்? அன்றிலிருந்து அந்த ஆளை நினைத்தாலே எனக்கு ஆகாது. இறங்கி ஓரமாகப் போய் நின்று அவன் என்ன செய்துகொண்டிருந்திருப்பான் என்று மட்டும் சில சமயம் யோசிப்பேன்.

நீ லைசென்ஸோடு வந்த அன்று ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்தேன். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வைத்ததாக உன்னிடம் சொன்னேன். வைத்தது நான்தான், கட்டியதுதான் அவர்கள். வெள்ளைச் சட்டையும் தோளில் கோடுகளுமாக உன் படம். மேலே, 'விமானி அபிஷாவை வாழ்த்தி வரவேற்கிறோம்.' கீழே நம் ஸ்கூல் பெயர், 'கார், கனரக வாகனம், இருசக்கர வாகனப் பயிற்சி. பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் உண்டு.' அப்போது என்னிடம் பெண் பயிற்சியாளர் யாரும் இல்லை. போட்டால் கூட்டம் வரும் என்று போட்டேன். நீ பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். வேலை கிடைக்கும் முன்னே எதற்கு என்றாய். லைசென்ஸ் கிடைத்தாயிற்றே, இனி என்ன என்றேன். வேலைக்கான அழைப்பு அந்த மாதமும் வரவில்லை, அந்த வருஷமும் வரவில்லை. ஃப்ளெக்ஸில் உன் சட்டை மஞ்சளாகிப் போனது. "அத எடுத்துப் போடுங்கப்பா, ஜங்ஷன் வழியா போக முடியல்ல" என்று எத்தனையோ தடவை சொன்னாய். எடுக்கவில்லை. அதில் இருப்பது பொய்யா? நீ விமானி இல்லையா? உண்மையை எதற்கு அவிழ்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆனால் அந்த ஃப்ளெக்ஸால் வந்த தொந்தரவு கொஞ்சமல்ல. கல்யாணத் தரகர் வந்து, "பொண்ணு எந்தக் கம்பெனி பிளேன்ல இருக்கு?" என்று கேட்டார். "எல்லாக் கம்பெனியும் கூப்பிடுது, அவதான் யோசிக்கா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவர் வந்து, இன்னும் யோசிக்கிறாளா என்று கேட்டார். உன் அம்மா மண்டைக்காட்டு அம்மன் கோவிலுக்குப் போய், தலைநோவுக்கு வைக்கிற மண்டையப்பத்தை உன் தலைக்கனம் குறைய வைத்து வேண்டிக்கொண்டாள். உன் தலையா என் தலையா என்று கேட்டதற்கு, அம்மனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

இதற்கிடையில் தினமும் பேப்பரில் என்ன போடுகிறான்? விமான நிறுவனங்கள் புது விமானங்களுக்கு வரிசையாக ஆர்டர் கொடுக்கின்றன, விமானிகள் பற்றாக்குறை, ஆளில்லாமல் விமானம் ரத்து. நான் அதை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், எதிரே நீ லைசென்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்து பொரியலுக்குப் பயறு உடைத்துக்கொண்டிருப்பாய். இரண்டில் ஏதோ ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். பேப்பர் பொய் என்று நினைத்துக் கொஞ்ச நாள் வாங்குவதை நிறுத்தினேன். டில்லி பக்கம் ஒரு நிறுவனம் தேர்வுக்குக் கூப்பிட்டபோதுதான், இரண்டும் உண்மை என்று தெரிந்து இன்னும் குழம்பிப் போனேன்.

நானும் கூட வந்தேன், நீ உள்ளே போய்விட்டாய். கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதற்குக் கீழே நாடெங்கும் இருந்து வந்த அப்பாக்கள். கொட்டாரக்கரைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "மோளுக்கு டைப் ரேட்டிங் உண்டோ சேட்டா?" என்று கேட்டார்.

"அவளுக்கு லைசென்ஸே உண்டு" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

"லைசென்ஸ் இவிடே வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு" என்றார் அவர். பிறகு பொறுமையாக விளக்கினார். பிள்ளைகள் லைசென்ஸ் எடுப்பது சின்ன விமானத்தில். ஆட்களை ஏற்றுகிற பெரிய விமானத்தை ஓட்ட, அந்தந்த மாடலுக்குத் தனியாகப் படித்து லைசென்ஸில் பதிய வேண்டும். அதன் பெயர்தான் டைப் ரேட்டிங். சில நிறுவனங்கள் வேலைக்கு எடுத்தபிறகு படிக்க வைக்கும், சில நிறுவனங்கள் படித்துவிட்டு வா என்று சொல்லும். எந்த மாடலைப் படித்தால் எந்த நிறுவனம் எடுக்கும் என்பதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. அதுபோக, சில நிறுவனங்கள் தாங்களே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பி எடுத்துக்கொள்கின்றன. மீதி இடத்துக்குத்தான் நம் பிள்ளைகள்.

"ஆம்னியில படிச்சவன் இன்னோவா ஓட்ட மாட்டானா வே?" என்று கேட்டேன்.

"ஓட்டும். ஆனா இன்னோவாக்காரன், நீ இன்னோவா ஓட்டியிட்டுண்டோன்னு சோதிக்கும்."

"பேப்பர்ல ஆளே இல்லன்னு போட்டிருக்கானே?"

"ஆள் இல்லாதது இடது சீட்டுக்கு சேட்டா. அது கேப்டன் சீட்டு. நம்மட பிள்ளைகள் வலது சீட்டுக்கு வந்து நிக்கிறது."

"வலது சீட்டுல இருந்து பழகினவன்தானே நாளைக்கு இடது சீட்டுக்கு வரணும்? வலதுல புதுசா ஆளை ஏத்தாம, இடதுக்கு ஆளில்லன்னு ஒப்பாரி வச்சா என்ன அர்த்தம்?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மூடினார். "அது எனக்கும் மனசிலாயில்ல" என்றார். மரத்தடியில் நின்ற ஒருவருக்கும் மனசிலாகவில்லை. நீ வெளியே வந்து, கம்ப்யூட்டர் தேர்வில் தேறிவிட்டேன், இனி கூப்பிடுவார்கள் என்றாய். அவர்கள் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க ஒரு ஆளும் இல்லை, ஒரு ஜன்னலும் இல்லை. நம் வாகன அலுவலகத்தில் ஒருவனை ஃபெயிலாக்கினால், எட்டுப் போடும்போது காலை ஊன்றினாய் என்றாவது முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

சும்மா இருக்கக்கூடாது என்று நீ நம் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய். கோவில் மைதானத்தில் தையல்கடை சாந்தி அக்காளைப் பழக்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பயத்தில் அவள் பிரேக்கை விடவே மாட்டாள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடினாய். ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று பிடியை விட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றாய். "ஏட்டி, நீ உண்டா?" என்று அவள் முன்னால் பார்த்தபடியே கேட்கிறாள். "உண்டு, உண்டு, போங்கக்கா" என்று இங்கிருந்தே சத்தம் போடுகிறாய். அவள் தனியாக மைதானத்தைச் சுற்றி வந்தாள். நான் உன்னைத் திட்டினேன்.

"விழுந்திருந்தா?"

"எழும்பியிருப்பாவ."

"நான் ஒருத்தரையும் அப்படி விட்டதில்ல."

"அதாம்ப்பா, உங்ககிட்ட படிச்சவங்க லைசென்ஸ் எடுத்த பொறவும் பக்கத்துல ஆள் இல்லாம வண்டிய எடுக்க மாட்டாவ."

அது உண்மையில்லை. இரண்டு மூன்று பேர் அப்படி இருக்கலாம். நாலு என்று வைத்துக்கொள். ஆனால் சாந்தி மறுவாரமே தடிக்காரன்கோணம் வரை தனியாகப் போய்த் துணி கொடுத்துவிட்டு வந்தாள் என்பதையும் நான் பார்த்தேன்.

இப்போது இந்தப் பயிற்சியாளர் வேலை வந்தபோது நான் சொன்னது உனக்கு வலித்தது என்று அம்மா சொன்னாள். "டிரைவிங் மாஸ்டருக்க மகளும் டிரைவிங் மாஸ்டராட்டே ஆகதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன். நீ சத்தமில்லாமல், "ஏன்ப்பா, மாஸ்டர்னா கொறச்சலா?" என்று திருப்பிக் கேட்டாய். மக்கா, அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. குறைச்சல் என்றால் என் ஆயுள் முழுக்கக் குறைச்சல். குறைச்சல் இல்லையென்றால் நான் ஏன் கோபப்பட்டேன்? பறக்காமல் இருந்தால் லைசென்ஸ் செத்துப்போகும், அங்கே போனால் மணிக்கணக்கு கூடும், கூடினால் நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கும் என்று நீ சொல்வது கணக்குப்படி சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் உன்னைத் தனியாக விட்டு இறங்கினானே, அந்த மாஸ்டரின் இருக்கையில் நீ உட்காரப் போகிறாய். காத்து நிற்கிற பிள்ளைகள் கூட்டத்தில் இன்னும் நாலு பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கப் போகிறாய். அவர்களும் வந்து வீட்டில் பயறு உடைப்பார்களா? இது முன்னேற்றமா, சுற்றிச் சுற்றி அதே மைதானமா? எனக்குத் தெரியவில்லை. போன வாரம் ஒரு தாய் தன் பெண்ணை ஃப்ளெக்ஸுக்குக் கீழே நிறுத்தி, "மாஸ்டரே, இவளயும் பைலட்டுக்கு விடலாமா?" என்று கேட்டாள். விடு என்றும் சொல்ல முடியவில்லை, விடாதே என்றும் சொல்ல முடியவில்லை. "என் மகள்ட்ட கேட்டுச் சொல்லுகேன்" என்றேன். நீ போன பிறகாவது எனக்கு அதற்கு ஒரு பதில் எழுதி அனுப்பு.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் இருக்கிறவன் காலைப் பெடலுக்கு மேலே வைத்திருக்க வேண்டும், ஆனால் கால் இருப்பது படிக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. பயந்த பிள்ளையிடம் சத்தம் போடாதே. நான் போட்டிருக்கிறேன், அது வேறு. பயமே இல்லாத பிள்ளையிடம்தான் கவனமாக இரு. யாராவது தப்புச் செய்தால், அவன் கண்டுபிடித்துத் திருத்துகிற அளவுக்கு நேரம் கொடு. வானத்தில் அதற்கு எவ்வளவு நேரம் உண்டு என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். எப்போது இறங்க வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்காதே. அது எனக்குத் தெரியாத பாடம்.

இன்று காலையில் அடுப்படியில் அம்மா உன்னிடம் சொன்னதை நான் கேட்டேன். "ஏட்டி, அவரு செரின்னு சொல்ல மாட்டாரு. காரைத் தொடச்சாருல்லா, அதுதான் செரி." அவள் சொல்வதை நம்பாதே. தூசி இருந்தது, துடைத்தேன். நான் சரி என்று சொல்லவில்லை. அந்த ஃப்ளெக்ஸையும் எடுக்கப் போவதில்லை. மேலே விமானி என்று இருக்கிறது, கீழே பெண் பயிற்சியாளர் என்று இருக்கிறது. நாளையிலிருந்து அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

நாளைக் காலை ஸ்கூல் காரை எடுத்துக்கொள். நீதான் ஓட்ட வேண்டும். அம்மா பின்சீட்டில் வரட்டும். நாகர்கோவில் ஸ்டேஷனில் சாவியை அவளிடம் கொடுத்துவிடு, காரைத் திருப்பி எடுத்து வர ஆள் அனுப்பியிருப்பேன். வீட்டிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் நான் இடது பக்கத்தில் இருப்பேன், என் கால் அதன் இடத்தில்தான் இருக்கும். ஜங்ஷனில், அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே, வண்டியை ஓரமாக நிறுத்து. நான் இறங்கிக்கொள்கிறேன்.